நிமிர்த்தி வைத்த பாட்டில்

பிப்ரவரி 9

மழை விட்டபாடில்லை. கவாத்துக்கு ஆள் வரவில்லை. ஜெனரேட்டர்காரன் மத்தியானமே அணைத்துவிட்டுப் போய்விட்டான். கேட்டால் டீசல் இல்லையாம். அடேல் அக்கா பருப்பு சூப் வைத்தாள். எலுமிச்சை பிழிய மறந்துவிட்டு, என் நாக்குதான் சரியில்லை என்கிறாள். எழுபதைத் தாண்டியும் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

சும்மா உட்காரப் பிடிக்காமல் மெழுகுவத்தியோடு நிலவறைக்கு இறங்கினேன். எண்பத்தேழாம் வருட அடுக்கில் ஒரு பாட்டில் கசிகிறது. தக்கையைத் தொட்டேன், ஊறின ரொட்டி மாதிரி விரலோடு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்ததையும் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். கழுத்து வரை இருக்க வேண்டிய வைன் தோள் வரை இறங்கிக் கிடக்கிறது.

அந்த வருடம் உள்நாட்டுச் சண்டை உச்சத்தில் இருந்தது. மலைப்பாதை அடைபட்டு, கடற்கரைப் பக்கமிருந்து லாரியே வரவில்லை. நல்ல தக்கையும் இல்லை, பாட்டிலும் இல்லை. கிடைத்ததை வைத்து அடைத்தோம். இத்தனை வருடம் தாங்கியதே பெரிது. வெயில் ஏறுவதற்குள் எல்லாவற்றையும் திறந்து, முகர்ந்து பார்த்து, குறைந்ததை நிரப்பி, புதுத் தக்கை போட்டாக வேண்டும். விட்டால் அப்பா நட்ட கொடிகளில் அந்த வருடம் காய்த்ததெல்லாம் காடிதான்.

முகர்வதற்கு என் மூக்கு போதாது. சைனஸ் வந்த பிறகு அது பாதி மூக்கு.

அக்காவிடம் சொன்னேன். “உம் கரமைக் கூப்பிடு. அடுத்த வீட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு தெருவுல நின்னே சொல்லுவா,” என்றாள்.

உம் கரம் என்றால் கரமின் அம்மா. எங்கள் திராட்சை லாரியை ஓட்டின தனூஸின் மனைவி. தனூஸ் இறந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. எண்பத்தேழில் பாட்டில் இல்லாமல் நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, பக்கத்து டவுன் ஜஹ்லேயின் ஆற்றங்கரை ஓட்டல்களில் எல்லாம் ஏறி இறங்கிக் காலி பாட்டில் சேர்த்து வந்து கழுவிக் கொடுத்தவள் அவள்தான். பச்சை, பழுப்பு, குட்டை, நெட்டை, ஒன்றுக்கொன்று ஒட்டாத பாட்டில்கள். தொழில் தெரிந்தவன் என்று என்னை வாத்தியார் என்பாள். கூப்பிடலாம். நாளைக்கே.

பிப்ரவரி 13

வந்தாள். தனூஸின் பழைய கோட்டு, காதை மூடிய கம்பளித் துண்டு. நிலவறையில் காலை வைத்ததும் நின்றுவிட்டாள். “வாத்தியாரே, எலி செத்திருக்கு. இடது பக்கம்.”

இருந்தது.

நான் தக்கையை எடுக்கிறேன். அவள் மூக்கை வைக்கிறாள். நான் நிரப்புகிறேன். அவள் மெஷினின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்காத குறையாகப் புதுத் தக்கையை அழுத்துகிறாள். நிரப்புவதற்கு அதே வருடத்து வைன்தான் வேண்டும், வேறு வருடம் கலந்தால் துரோகம். அதனால் ஒரு பாட்டிலைப் பலி கொடுத்துத்தான் மற்றதைக் காப்பாற்ற வேண்டும். எதைக் கொடுப்பது என்று அவளே தேர்ந்தெடுத்தாள்.

முகர்ந்ததும் நானாக இருந்தால் பழம், தோல், புகையிலை என்பேன். இவள் வீடு சொல்கிறாள். “இது டாக்டர் வீடு. மாடிப்படிய மெழுகு போட்டுத் தொடச்சிருக்காங்க.” “இது எங்க மாமியார் அலமாரி. அத்திப்பழத்தக் காய வச்சிட்டு மறந்துட்டாங்க.” “இது கன்னியர் மடத்து அடுப்படி. சண்டை நடந்திருக்கு, யாரும் பேசிக்கல.” ஒரே வருடம், ஒரே பீப்பாய், ஒவ்வொன்றும் ஒரு வீடு. நானும் முகர்ந்தேன். மெழுகு போட்ட மாடிப்படி நிஜமாகவே இருந்தது.

ஒன்று செத்திருந்தது. தலையைக் குனிந்து சிலுவை போட்டுக்கொண்டாள். “இவரு போயிட்டாரு. ஆண்டவர் இளைப்பாற்றி தரட்டும்.” நான் சிரித்துவிட்டேன். முறைத்தாள். “சாவு வீட்டுல சிரிக்கிற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

பிப்ரவரி 14

இன்றும் வந்தாள். காபியில் ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன். கவனித்துவிட்டாள்.

பிப்ரவரி 22

அடுக்கின் கடைசியில் நீலக் காகிதம் சுற்றிய ஒன்று. பிரித்தால் வெள்ளைக் கண்ணாடி, பழைய அரக் சாராய பாட்டில். வெள்ளைக் கண்ணாடியில் வைன் வைத்தால் வெளிச்சமே அதைக் கொன்றுவிடும். “இது போயிருக்கும். மத்ததுக்கு ஊத்தவும் ஆகாது, கொட்டிடலாம்,” என்று தக்கைத் திருகியை எடுத்தேன்.

கையைத் தட்டிவிட்டாள். வலித்தது!

“தக்கை நல்லா இருக்கு, வைனும் எறங்கல. நல்லாத் தூங்கிட்டு இருக்கறவள எதுக்கு எழுப்பறீங்க? அன்னிக்குச் சர்க்கரைப் பொட்டலத்துக் காகிதத்த நான்தான் சுத்துனேன். ஒரு பொட்டு வெளிச்சம் போயிருக்காது.”

மறுபடி காகிதத்தைச் சுற்றி, குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்தினாள். என் நிலவறை, என் வைன், என் கையில் அடி. கோபமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம்.

மார்ச் 1

வேலைக்கு நடுவில், தக்கையை அழுத்திக்கொண்டே சொன்னாள். கரம் இவளுக்கு டிக்கெட் எடுத்துவிட்டானாம். அவன் இருக்கும் சாவ் பாவ்லோவுக்கு. ஈஸ்டர் முடிந்து, மே இரண்டாம் தேதி. போய்வரும் டிக்கெட் இல்லை, போகிற டிக்கெட் மட்டும். “தனியா எதுக்கும்மா கிடக்கறேங்கறான். பேரப் பிள்ளைங்களுக்கு நம்ம பாஷையே வரலையாம்.”

நான், “நல்லது,” என்றேன்.

அவள் அடுத்த பாட்டிலை நீட்டினாள். அதற்குப் பிறகு இன்று ஒரு வீடும் சொல்லவில்லை. நல்லது, கெட்டது, அவ்வளவுதான்.

மார்ச் 2

நல்லதாமே! என்னடா நல்லது? எவனுக்கு நல்லது? காலையில எழுந்ததுலேர்ந்து இதே வார்த்தை வாயில கசக்குது. ஒரு பொம்பளை ஊரை விட்டு, வீட்டை விட்டு, கடல் தாண்டிப் போறேங்கறா — நல்லதுன்னு சொல்லிட்டு பாட்டிலைத் திறக்கறேன். மரம்.

ஏன் எனக்கு இப்படி அடித்துக்கொள்கிறது? கட்டினவள் நஜ்லா போய் ஒன்பது வருடமாக இந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. அக்கா இருக்கிறாள், திட்டுகிறாள், சமைக்கிறாள். பிறகென்ன?

தெரிந்தே கேட்கிறேன். அவள் இறங்கி வருகிற செருப்புச் சத்தத்துக்காகக் காலையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதுதான்.

மார்ச் 14

எல்லாம் முடிந்தது. அந்த வெள்ளை பாட்டில் ஒன்றைத் தவிர எண்பத்தேழு முழுக்கப் புதுத் தக்கையோடு மறுபடி படுத்தாயிற்று. நிலவறைச் சாவியைத் திருப்பித் தந்தாள். “வச்சுக்கங்க, எதுக்காவது வேணும்,” என்றேன். எதற்கு வேணும்? அவளும் கேட்கவில்லை. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் அக்கா கீரை ஆய்ந்துகொண்டே ஆரம்பித்தாள்.

“டேய் வதீஹ், இந்த மாசம் எத்தன தரம் சவரம் பண்ணின?”

“அரிக்குது.”

“ஆமா, உம் கரம் வர்ற நாளாப் பாத்து அரிக்குது. எனக்கு கண்ணாடி போட்டாத்தான் எழுத்து தெரியும். இதுக்கு கண்ணாடி வேணாம்.”

“அக்கா, எனக்கு அறுபத்தேழு.”

“அவளுக்கென்ன பதினெட்டா? உன் வைன் மட்டும் வயசாக ஆக நல்லா இருக்கும்னு ஊரெல்லாம் சொல்லி விக்கிற. அந்த வாய் இப்ப எங்க போச்சு?”

“நஜ்லா…”

கீரையை வைத்துவிட்டாள். “நஜ்லா இருந்தா இந்நேரம் உன் காதப் பிடிச்சு அவ வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்தியிருப்பா. அழாத. தவக்காலத்துல பொண்ணு கேக்கக் கூடாது. ஈஸ்டர் முடியட்டும், நான் கூட வரேன்.”

அழவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இல்லை, கீரைதான். சரி, அழுதேன்.

மார்ச் 21

எங்கள் நாட்டில் இன்றுதான் அன்னையர் தினம். உம் கரமை வழியில் பார்த்தேன். கரம், பூக்கடைக்காரன் மூலமாகப் பெரிய பூங்கொத்து அனுப்பியிருக்கிறான். “பூ வந்துச்சு, புள்ள வரல,” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பெட்டி வாங்கிவிட்டாளாம், சிவப்பு நிறம்.

ஏப்ரல் 18, பெரிய வியாழன்

பெண் கேட்கப் போகும்போது எண்பத்தேழில் ஒன்று கொண்டுபோக நினைத்தேன். பழைய வைனைப் படுத்த வாக்கில் எடுத்துத் திறந்தால் கலங்கிவிடும். நாலைந்து நாள் முன்னால் நிமிர்த்தி வைத்தால்தான் மண்டி அடியில் போய் உட்காரும். நிலவறையில் ஒரு பாட்டில் நிற்கிறது என்றால் அந்த வீட்டில் விசேஷம் என்று அர்த்தம். டாக்டர் வீட்டு வாசனை அடித்ததே, அந்தப் பச்சை பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டு ஏறி வந்தேன்.

மத்தியானம் அக்காவுக்கு ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் கொடுக்க உம் கரம் வந்தாள். கீழே இறங்கி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டும் வந்தாள்.

“யாருக்கு நிக்க வச்சிருக்கீங்க?”

“பி… பிஷப்புக்கு.”

“பிஷப்பா! போன வருசம் உங்க வைன்ல சோடா கலந்து குடிச்சாரே, அவருக்கா? படுக்க வச்சிட்டேன். தண்டம்.”

மண்டியெல்லாம் மறுபடி கலங்கியிருக்கும். மறுபடி நிமிர்த்த நாளும் இல்லை. இனி வெறுங்கைதான். அக்கா சிரித்துச் சிரித்து இருமினாள்.

ஏப்ரல் 22, ஈஸ்டர் திங்கள்

எழுதவே கை கூசுகிறது. எழுதித் தொலைக்கிறேன்.

வழியெல்லாம் அக்கா பாடம் நடத்தினாள். “காபி வரும். வாங்கு. குடிக்காத. கீழ வை. அவ ஏன் குடிக்கலைன்னு கேப்பா. அப்ப நான் சொல்றேன், நாங்க ஒரு வேண்டுகோளோட வந்திருக்கோம், நீ சரின்னு சொன்னாத்தான் இந்த வீட்டுக் காபியக் குடிப்போம்னு. அவ ‘காபியக் குடிங்க’ன்னா முடிஞ்சது. உனக்குப் பேச்சே இல்ல. கைய மட்டும் அடக்கு.” ஊரில் யாருக்குத் தெரியாது இது! தனூஸுக்காக உம் கரமைக் கேட்கப் போன கூட்டத்தில் நானும்தான் இருந்தேன். நஜ்லா வீட்டில் என் மாமா காபியை அரைமணி ஆறவிட்டு எல்லாரையும் தவிக்க வைத்தார். எனக்குத் தெரியாதா?

கதவைத் திறந்தாள். நீல உடுப்பு. “கிறிஸ்து உயிர்த்தார்,” என்றோம். “மெய்யாகவே உயிர்த்தார்.” கூடத்தில் அந்தச் சிவப்புப் பெட்டி. வாயைத் திறந்து கிடக்கிறது, உள்ளே மடித்த துணிகள். அதைப் பார்த்ததும் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. பேரீச்சம்பழம் வைத்த ரவைப் பலகாரம் கொண்டுவந்தாள். காபி கொண்டுவந்தாள். ஏலக்காய் தூக்கலாக.

குடித்துவிட்டேன்.

ஒரே மடக்கு. கோப்பையைக் கவிழ்க்காத குறை. அதோடு விட்டேனா? பழக்கதோஷம், “என்னைக்கும் இருக்கட்டும்,” என்று உபசார வார்த்தையையும் சொல்லித் தட்டில் வைத்தேன். முறையாகச் சாப்பிட்டு முடித்த விருந்தாளி!

அக்கா மேசைக்கு அடியில் உதைத்த உதையில் முழங்கால் இன்னும் வீங்கிக் கிடக்கிறது. அவள் கோப்பை மட்டும் நிறைந்து நின்றது. ஆனால் மாப்பிள்ளையே குடித்துவிட்ட பிறகு அக்கா குடிக்காமல் இருந்து என்ன பிரயோஜனம்?

உம் கரம் என் காலிக் கோப்பையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அக்காவின் நிறைந்த கோப்பையை. பிறகு என்னை. மெதுவாகக் கேட்டாள்: “வாத்தியாரே, இன்னொரு கோப்பை ஊத்தட்டுமா?”

“போதும் போதும், வயிறு நிறைஞ்சிடுச்சு,” என்றேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது அக்கா நடுத்தெருவில் நின்று கத்தினாள். “அவ எதுக்குடா ரெண்டாவது கோப்பை ஊத்தட்டுமான்னு கேட்டா? உனக்குத் தாகமா இருக்கும்னா? மடையா! வாசல திறந்து விட்டா, நீ மூடிட்டு வந்திருக்க!”

அப்போதுதான் உறைத்தது.

ஏப்ரல் 23

இன்று கொடிகளோடு மட்டும் பேசினேன்.

ஏப்ரல் 25

மறுபடி போகலாமா என்றேன். ஒருதரம் குடித்த வீட்டில் அதே வாரம் மறுபடி போய்க் குடிக்க மாட்டேன் என்று உட்காருவது கேலிக்கூத்து என்கிறாள் அக்கா. கடிதம்? என் எழுத்து எனக்கே புரியாது. இன்னும் ஒரு வாரம். பெட்டியை மூடியிருப்பாள்.

போகாதேன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு? புள்ள கூப்பிடறான். பேரப் பிள்ளைங்க. நான் யாரு — பக்கத்துத் தெரு வைன்காரன். ஆனா போயிட்டா இந்த வீட்டுல என்ன வாசனை அடிக்கும்னு சொல்ல ஆளில்ல. எனக்கு அவ வேணும். எழுதிட்டேன். வேணும்.

ஏப்ரல் 26

நிலவறைக்கு இறங்கினேன். மேசைமேல் நீலக் காகிதம் பிரிக்காத அந்த வெள்ளை பாட்டில். நிற்கிறது.

நான் நிமிர்த்தி வைக்கவில்லை. மேலே ஓடிவந்து அக்காவைக் கேட்டேன். “இந்தப் படியில இறங்கினா யாரு என்னத் தூக்கிட்டு வர்றது?” என்றாள். வேறு யாரிடம் சாவி இருக்கிறது?

தொடவில்லை. மூச்சுக்கூடப் பக்கத்தில் விடவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

பூசை முடிந்து நேராக இங்கே வந்தாள். அதே நீல உடுப்பு. அக்கா உடனே, “எனக்குத் தலைய வலிக்குது,” என்று தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்குப் பின்னாலேயே நின்று மூச்சு விடுவது கூடத்துக்குக் கேட்டது.

நானே காபி போட்டேன். அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மிச்சத்தை ஊற்றிக் கொடுத்தேன். வாங்கினாள். குடிக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

“ஆறிடும்,” என்றேன்.

“ஆறட்டும்.”

“சர்க்கரை பத்தலையா?”

சத்தியமாக அப்போதும் எனக்குப் புரியவில்லை.

“வாத்தியாரே, நான் ஒரு வேண்டுகோளோட வந்திருக்கேன். நீங்க சரின்னு சொன்னாத்தான் இந்த வீட்டுக் காபியக் குடிப்பேன்.”

கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் நின்றுபோனது.

“சொ… சொல்லுங்க.”

“அன்னிக்கு என் வீட்டுக்கு என்ன கேக்க வந்தீங்களோ, அத இப்பக் கேளுங்க. அதான் என் வேண்டுகோள்.”

பெண் வந்து கோப்பையைக் கீழே வைத்ததாக இந்தப் பள்ளத்தாக்கில் நான் கேள்விப்பட்டதே இல்லை. என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். அவள் பெயர்தான் வந்தது. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் சொல்லாத பெயர்.

“ஹியாம்,” என்றேன். “போகாத. இங்க இரு. என்கூட இரு.”

நீங்க போய் நீ வந்துவிட்டது. அவள் கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எதற்குக் காத்திருக்கிறாள்? பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்காரன் நான்தானே. நான்தானே சொல்ல வேண்டும்!

“காபியக் குடி,” என்றேன்.

ஆறி அவலாய்ப் போன காபியை ஒரே மடக்கில் குடித்தாள். “என்னைக்கும் இருக்கட்டும்,” என்றாள். கதவு படாரென்று திறந்தது, அக்கா போட்ட குலவையில் தெரு நாய்கள் எல்லாம் குரைத்தன. தலைவலியாம்!

சாயங்காலம் வெள்ளை பாட்டிலைத் திறந்தோம். தக்கை உடையாமல் வந்தது. பாட்டில் கழுத்துக்குப் பின்னால் அவள் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டாள், நான் வடித்தேன். செங்கல் நிறத்தில், அப்படி ஒரு தெளிவு. மண்டி கழுத்துக்கு வந்ததும் “நிறுத்து” என்றாள். அவளுக்கும் நீ வந்துவிட்டது.

உயிரோடு இருந்தது. நான் கொட்டச் சொன்ன பாட்டில்!

“யாரு வீடு?” என்று கேட்டேன்.

மூக்கை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“இந்த வீடு எனக்குத் தெரியல,” என்றாள். “இருந்து பாத்துத்தான் சொல்லணும்.”

மே 2

விமானம் போயிருக்கும். நாங்கள் முற்றத்தில் பச்சை வாதுமையை உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தோம். நாலு நாளாகக் கரம் தர்க்கம் பண்ணுகிறான். இன்றும் போன் அடித்தான். ஹியாம் எடுத்தாள். அவன் கத்துவது எனக்கே கேட்டது. இன்னும் கெட்டுப்போகவில்லை, டிக்கெட்டை அடுத்த வாரத்துக்கு மாற்றித் தருகிறேன், நன்றாக யோசித்தாயா, யாரைக் கேட்டு முடிவு பண்ணினாய்.

கேட்டு முடிக்கிற வரை பொறுமையாக வாதுமையை மென்றாள். பிறகு சொன்னாள்:

“கரம், கண்ணு, காபி குடிச்சாச்சுடா.”

கத்தல் நின்றது. எவ்வளவு தூரம் போனாலும் அவனும் இந்த ஊர்ப் பிள்ளைதானே. “அவருகிட்ட போனைக் குடும்மா,” என்றான்.